நேரலையும் பெட்டிங்கும் ஒரே திரையில்: டிசைன் செய்யும் வரிசையும் வழக்கமாக இடறும் இடங்களும்

மேலே ஆட்டம் ஓட வேண்டும், கீழே பெட் கட்ட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளைத் திறந்து, மேலே ஒரு வீடியோ பெட்டி, கீழே நாலு ஆட்ஸ் (பெட்டின் விலை) பட்டன், அடியில் தொகை எழுதி பெட்டை அனுப்பும் ஒரு பெட் ஸ்லிப் என்று வரைந்து முடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகவும் இருக்கும். உண்மையான ஆட்டத்தில் ஓட்டிப் பார்த்தால் முதல் கோலிலேயே உடைந்துவிடும். அந்தத் திரையில் ஓடுவது ஒரு கடிகாரம் இல்லை, இரண்டு. படத்துக்கு ஒன்று, விலைக்கு ஒன்று. இரண்டும் ஒருபோதும் ஒரே நேரத்தைக் காட்டாது, அதை மறந்துவிட்டு வரைந்தால் எல்லாத் தவறும் அங்கிருந்துதான் தொடங்கும்.

கீழே உள்ளது பிரிட்டனில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் கேம்ப்ளிங் கமிஷனின் உரிமத்தோடு நடக்கும் ஒரு தளத்துக்கு வேலை செய்தபோது நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட வரிசை. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்கிறது, தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் இருக்கிறது. அதனால் இதை இந்தியப் பயனாளர்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து வெளிநாட்டு கிளையன்டுக்குச் செய்து கொடுப்பவர்களும் ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

## 1. ஃபிக்மாவைத் திறக்கும் முன் நாலு பேரைப் பாருங்கள்

முதல் ஆள் சட்டப் பிரிவு. எந்த நாட்டுக்கு என்று கேளுங்கள், ஏனென்றால் நாடு மாறினால் திரையே மாறிவிடும். ஆஸ்திரேலியாவில் 2001ஆம் ஆண்டின் இன்டராக்டிவ் கேம்ப்ளிங் சட்டப்படி கிரிக்கெட், ஃபுட்பால், டென்னிஸ் போன்ற ஆட்டங்கள் தொடங்கிய பிறகு ஆன்லைனில் பெட் எடுக்கக் கூடாது, போனில் பேசித்தான் கட்டலாம். ஆக, ஓடுகிற படத்துக்குக் கீழே துடிக்கிற ஆட்ஸ் பட்டனுக்கு அங்கே இடமே இல்லை. மூன்று வாரம் வரைந்த பிறகு இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆள் ஒளிபரப்பு உரிமையைப் பார்ப்பவர். எந்த ஆட்டம், எந்த நாட்டில், எந்த அளவு பெட்டியில், யாருக்குக் காட்டலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுத்திரை அனுமதி உண்டா, டிவிக்கு அனுப்பலாமா, படத்தின் மேல் ஏதாவது போடலாமா என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கும். பிரிட்டனில் சனிக்கிழமை மதியம் 2:45 முதல் 5:15 வரை ஃபுட்பால் நேரலை காட்டக் கூடாது என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த நேரத்தில் ஆட்டம் நடக்கும், பெட் ஓடும், படம் மட்டும் இருக்காது. அதற்கும் ஒரு திரை வேண்டும்.

கணக்கில் பணம் இருந்தால்தான் படம் தெரியும் என்ற கதவை யாராவது கேட்டால் அங்கேயே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். 2020 ஜனவரியில் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை ஃபுட்பால் போட்டியின் பல ஆட்டங்கள் பெட்டிங் தளங்களில் மட்டும், அதுவும் பணம் போட்டவருக்கோ பெட் கட்டியவருக்கோ மட்டும் ஓடியபோது பிரிட்டனில் பெரிய கண்டனம் எழுந்தது. கடைசியில் அந்தத் தளங்கள் தனியுரிமையை விட்டுக்கொடுத்தன. அந்தக் கதவை வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவாக இருக்காது. ஆனால் வரையப் போகிறவர் நீங்கள், கேள்வியாவது உங்களிடமிருந்து வரட்டும்.

மூன்றாவது ஆள் டேட்டாவைப் பார்க்கும் டெவலப்பர். ஆட்டத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஃபுட்பால் என்றால் பெரும்பாலும் மைதானத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்வார். பெரிய டென்னிஸ் போட்டிகளில் நடுவர் தன் கையிலிருக்கும் டேப்லெட்டில் புள்ளியைத் தட்டியதுமே போய்விடும். இது ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில்.

நாலாவது ஆள் ட்ரேடர், அதாவது விலையை நிர்ணயிப்பவர். எந்தெந்த நேரத்தில் மார்க்கெட்டை ("யார் வெல்வார்" மாதிரி பெட் கட்டக்கூடிய ஒவ்வொரு கேள்வியும் ஒரு மார்க்கெட்) பெட் வாங்காமல் பூட்டுவார்கள், ஆட்டத்துக்கு நடுவே பெட் கட்டினால் எத்தனை வினாடி பிடித்து வைப்பார்கள், இந்த இரண்டும் போதும்.

## 2. தாமதத்தை அளந்து சுவரில் ஒட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இணையத்தில் நேரலை அனுப்பும் வழக்கமான முறையான ஹெச்எல்எஸ் ஸ்ட்ரீமில் படம் துண்டு துண்டாக வரும். ஆப்பிளின் பரிந்துரை ஒரு துண்டுக்கு 6 வினாடி. பிளேயர் வழக்கமாக மூன்று துண்டு பின்னால் நின்றுதான் ஓட்டும், அங்கேயே 18 வினாடி போய்விட்டது. அதற்கு மேல் கேமரா, ஒளிபரப்பு வண்டி, என்கோடர் (படத்தைச் சுருக்கும் கருவி), சிடிஎன் (படத்தை விநியோகிக்கும் சர்வர் வலை) எல்லாம் தங்கள் பங்கைச் சேர்க்கும். அதன் தாமதம் குறைந்த வடிவமான லோ லேட்டன்சி ஹெச்எல்எஸ் என்றால் சில வினாடிகளுக்கு இறங்கும். வெப்ஆர்டிசி என்ற இன்னொரு முறையில் ஒரு வினாடிக்குள்ளும் வரும், ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுக்க செலவு கூடும், அதனால் உங்கள் கம்பெனி அதை எல்லா ஆட்டத்துக்கும் வாங்கியிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

டேட்டாவோ ஒரு சின்ன எழுத்துத் துண்டு. மைதானத்து ஆள் தட்டினால் ஓரிரு வினாடியில் வந்து நிற்கும். ஆக விலை முன்னால் ஓடும், படம் பின்னால் வரும். புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்: கண்ணால் பார்ப்பதுதான் நிஜம், எண்கள் அதன்பின் மாறும் என்று.

எங்கள் சோதனை ஒன்றில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெனால்டி. படத்தில் ஆட்டக்காரர் இன்னும் பந்தைப் புல்லில் வைக்கவே இல்லை, குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறார். கீழே "அடுத்த கோல்" மார்க்கெட் பூட்டிக்கொண்டது, மேலே ஸ்கோர் 1-0 என்று மாறியது. அந்த மனிதர் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு டீயை எடுத்தார், இனி இதைப் பார்த்து என்ன பயன் என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்த நிமிடம்தான் முழு டிசைனையும் மறுபடி தொடங்கினோம்.

அளப்பது எப்படி? ஸ்ட்ரீமில் ப்ரோகிராம் டேட் டைம் என்ற டேக் வைத்திருக்கிறார்களா என்று டெவலப்பரைக் கேளுங்கள். இருந்தால் திரையில் தெரியும் ஃபிரேம் எந்த நேரத்தது என்று பிளேயரே சொல்லும். ஆனால் அந்த முத்திரை பெரும்பாலும் என்கோடரில் குத்தப்படுகிறது, மைதானத்திலிருந்து என்கோடர் வரை ஆன நேரம் அதில் இல்லை. இதை மட்டும் நம்பினால் உண்மையைவிடக் குறைவான எண்ணே கிடைக்கும்.

அதனால் கையாலும் அளக்க வேண்டும். ஓர் ஆட்டம் முழுக்க உட்கார்ந்து, கோல் கிக், கார்னர், மஞ்சள் அட்டை மாதிரி பத்து நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, டேட்டா லாகில் (நேரத்தோடு கூடிய பதிவில்) வந்த நேரத்தையும் படத்தில் தெரிந்த நேரத்தையும் எழுதிக் கழியுங்கள். வைஃபையில் ஒருமுறை, 4ஜியில் ஒருமுறை, மூன்று வருடப் பழைய ஆண்ட்ராய்டில் ஒருமுறை. சராசரியைத் தூக்கிப் போடுங்கள், மோசமான எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். டிசைன் அந்த எண்ணுக்குத்தான்.

## 3. எது எந்தக் கடிகாரத்தில் ஓடும் என்று பிரியுங்கள்

எண் கிடைத்துவிட்டது, இப்போது திரையில் இருக்கும் ஒவ்வொன்றையும் இரண்டு கூடையில் போடுங்கள். கதை சொல்லுகிற எல்லாம் படக் கடிகாரத்தில்: வீடியோவுக்கு மேலுள்ள ஸ்கோர், நிகழ்ச்சி வரிசை, புள்ளிவிவரம், எழுத்து வர்ணனை. காசு சம்பந்தப்பட்ட எல்லாம் விலைக் கடிகாரத்தில்: ஆட்ஸ், பூட்டு, பெட் ஏற்பு, கேஷ் அவுட் (முடிவு வரும் முன்பே பெட்டை முடித்துக்கொள்வது) தொகை. முதல் கூடையில் இருப்பவற்றைப் பிளேயரின் தாமதத்துக்கு ஏற்பப் பிடித்து வைத்து விடலாம். இரண்டாவது கூடையை ஒரு வினாடிகூடப் பிடித்து வைக்கக் கூடாது, பழைய விலையைக் காட்டிக் காசு வாங்கினால் அது ஏமாற்று.

இங்கே ஒரு முடிச்சு விழும். படத்தோடு ஒத்துப்போக ஸ்கோரைத் தாமதப்படுத்தினால், ஒருவர் 0-0 என்று நினைத்துக்கொண்டே 1-0 ஆட்டத்துக்குப் பெட் கட்டப் போவார். இதை நாங்கள் இப்படி அவிழ்த்தோம்: பெட் ஸ்லிப் திறந்ததும் அதன் தலையில் விலைக் கடிகாரத்தின் ஸ்கோரும் நிமிடமும் வரும், "படத்தைவிட முன்னால்" என்ற சின்னக் குறிப்போடு. காசு கட்ட வந்தவருக்கு உண்மை தெரியும். பார்க்க மட்டும் வந்தவருக்குச் சுவாரசியம் கெடாது.

பூட்டு விழுவதே ஒரு துப்பு என்பதையும் மறக்காதீர்கள். முழுதாக மறைக்க முடியாது. ஆனால் ட்ரேடர்கள் கார்னருக்கும், ஆபத்தான தாக்குதலுக்கும், விஏஆருக்கும் (வீடியோ பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்ப்பது) பூட்டுகிறார்கள், எனவே எல்லாப் பூட்டுக்கும் ஒரே அமைதியான சாம்பல் நிறமும் ஒரே வார்த்தையும் கொடுங்கள். கோலுக்கு மட்டும் சிவப்பில் பளிச்சிட்டால் நீங்களே படத்தின் முடிவைச் சொல்லிவிட்டீர்கள்.

தாமதக் குறிப்பு வீடியோ பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "படம் சுமார் 12 வினாடி பின்னால் ஓடுகிறது. உங்களுக்கு முன்பே மற்றவர்களுக்குத் தகவல் தெரிந்திருக்கலாம்" என்கிற மாதிரி இரண்டு வரி போதும். ஆட்டத்துக்கு நடுவே பெட் கட்டுகிறவருக்கு இதைத் தெரியப்படுத்த வேண்டும் என்பது பிரிட்டனின் தொழில்நுட்ப விதிகளிலேயே இருக்கிறது. விதிமுறைப் பக்கத்தில் நாற்பதாவது பத்தியில் புதைத்துவிட்டு "போட்டிருக்கிறோமே" என்று சொல்லலாம்தான். யாரும் படிக்க மாட்டார்கள்.

## 4. திரைகளுக்கு முன் நிலைகள்

புதியவர் வரைந்த ஃபைலில் ஒரு திரைதான் இருக்கும்: படம் ஓடுகிறது, எல்லா விலையும் திறந்திருக்கிறது, இணையம் அருமையாக இருக்கிறது. நிஜ ஆட்டத்தில் அந்த நிலை விட்டு விட்டுத்தான் வரும்.

ஒரு தாளில் மூன்று வரிசை எழுதுங்கள். படம்: வரவில்லை, ஓடுகிறது, சுழல்கிறது, உரிமை இல்லை, முடிந்தது. மார்க்கெட்: திறப்பு, பூட்டு, மூடியாயிற்று, முடிவு வந்தாயிற்று. பெட்: தேர்வு, அனுப்பியது, காத்திருப்பு, ஏற்பு, விலை மாற்றம், நிராகரிப்பு. இவற்றைப் பெருக்கினால் 120 வரும், பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் நடைமுறையில் வராது. ஆனால் வருகிறவற்றில் ஒன்று நிஜமாகவே ஆபத்தானது.

படம் ஓடிக்கொண்டே இருக்கும், விலை செத்திருக்கும். வீடியோ ஒரு வழியாக வருகிறது, விலை வெப்சாக்கெட் என்ற எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு வழியாக இன்னொரு குழாயில் வருகிறது. சாக்கெட் அறுந்துவிட்டால் கடைசியாக வந்த விலை திரையில் அப்படியே நிற்கும். படம் ஓடுகிறதே, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் மனிதர் நினைப்பார். அதனால் சாக்கெட்டில் சீரான இதயத்துடிப்பு, அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் சின்னச் செய்தி, வைக்கச் சொல்லுங்கள், அது சில வினாடி நின்றால் சர்வரின் உத்தரவுக்குக் காத்திராமல் போனே எல்லா விலையையும் பூட்டிவிட வேண்டும். நாங்கள் 5 வினாடி வைத்தோம்.

அதே காரணத்தால், இணையம் நொண்டும்போது முதலில் தியாகம் செய்ய வேண்டியது படத்தின் தரம். படம் மங்கலானால் எரிச்சல்தான் வரும், விலை பழசானால் காசு போகும்.

## 5. இப்போது லேஅவுட்

நிமிர்ந்த போனில் இருந்து தொடங்குங்கள். 390 புள்ளி அகலமுள்ள திரையில் 16:9 படம் சுமார் 219 புள்ளி உயரம் எடுக்கும். 844 உயரத்தில் மேல்பட்டை, கீழ்ப்பட்டை எல்லாம் போக மார்க்கெட்டுகளுக்கு 500 சொச்சம் மிஞ்சும். இது தாராளம்போலத் தெரியும், கீபோர்டு எழும்பும்வரை.

தொகையை அடிக்கப் போனின் கீபோர்டைத் திறந்தால் படம் மேலே தள்ளப்பட்டுப் பாதி மறையும், அல்லது ஸ்லிப் படத்தின் மேல் ஏறும். ஸ்லிப்புக்குள்ளேயே சொந்தமாக ஒரு சின்ன எண்பலகை வரையுங்கள். படம் இருந்த இடத்தில் இருக்கட்டும். படமும் பெட்டும் ஒரே திரையில் என்றுதானே கதையே, கட்டும் நேரத்தில் படத்தை மறைத்தால் எதற்கு இந்த வேலை.

படத்தின் மேல் ஆட்ஸ் பட்டனை மிதக்க விடுகிற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. ஒளிபரப்பு ஒப்பந்தம் அதற்கு விடாமல் போகலாம், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒளிபரப்பின் ஸ்கோர் பட்டை மூலைக்கு மூலை மாறும், உங்கள் பட்டன் எங்கே வைத்தாலும் ஒருநாள் அதன்மேல் உட்காரும். எனக்குப் பெரிய காரணம் வேறு: படத்தை நிறுத்த, பெரிதாக்க விரல் போகிற இடம் அது. அங்கே காசு பட்டனை வைத்தால் தவறிப்போய்த் தட்டுவார்கள். படுக்கை வாட்டத்தில் ஓரமாக ஒரு பட்டை ஒதுக்குங்கள், மூடினால் முழுப் படம் தெரிகிற மாதிரி.

"வெறும் ஆட்டம்" என்று ஒரு சுவிட்ச் வையுங்கள். அதைத் தட்டினால் விலைகள் எல்லாம் போய்ப் படமும் ஸ்கோரும் மட்டும் இருக்கும். வியாபாரப் பிரிவு முகம் சுளிக்கும். மேலே சொன்ன டீ மனிதரின் கதையைச் சொல்லுங்கள், எங்களிடம் அது வேலை செய்தது.

## 6. ஆட்ஸ் பட்டன்

சின்ன விஷயம், ஆனால் தவறு நிறைய.

எண்களுக்குச் சம அகல எழுத்துரு எடுங்கள், இல்லையென்றால் 1.91 என்பது 2.00 ஆகும்போது பட்டன் நடுங்கும். விலை ஏறியது, இறங்கியது என்பதைப் பச்சை, சிவப்பால் மட்டும் சொல்லாதீர்கள், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், கூடவே ஓர் அம்பு போடுங்கள். பிரிட்டனில் 5/2 மாதிரிப் பின்னமாகப் படிக்கப் பழகியவர்கள் அதிகம், 3.50 என்று தசமத்தில் கேட்பவர்களும் உண்டு, இரண்டுக்கும் பட்டனில் இடம் விடுங்கள். 11/10 தான் அகலமான எண் என்று நினைத்துவிடக் கூடாது, 100/30 கூட வரும்.

பட்டன் இடம் மாறவே கூடாது. விலை வரிசைப்படி அடுக்கலாம் என்று ஒரு புதியவர் செய்திருந்தார், ஆட்டம் சூடானபோது பட்டன்கள் மேலும் கீழும் குதித்து, "டிரா"வைத் தட்டப் போன விரல் வேறொன்றில் விழுந்தது. பூட்டிய மார்க்கெட்டையும் அகற்றாதீர்கள், இருந்த இடத்திலேயே சாம்பலாகட்டும். அகற்றினால் கீழிருப்பது மேலே ஏறும், அதே விபத்து.

திரை வாசிப்பான் பயன்படுத்துகிறவர்களையும் நினையுங்கள். ஒவ்வொரு விலை மாற்றத்தையும் சத்தமாக அறிவிக்க விட்டால் தொண்ணூறு நிமிடமும் எண் ஒப்பித்துக்கொண்டே இருக்கும். அறிவிப்பை ஸ்லிப்பில் இருக்கும் தேர்வுக்கும் ஸ்கோருக்கும் மட்டும் வையுங்கள்.

## 7. பெட் ஸ்லிப்: காத்திருக்கும் அந்தச் சில வினாடிகள்

ஆட்டத்துக்கு நடுவே கட்டும் பெட் உடனே ஏறாது. சில வினாடி பிடித்து வைத்து, அதற்குள் ஏதும் நடக்கவில்லை என்றால்தான் ஏற்பார்கள். மைதானத்தில் இருப்பவர் படத்துக்கு முன்பே பார்த்துவிடுவார் என்பதுதான் காரணம். டென்னிஸ் அரங்கில் உட்கார்ந்து புள்ளி விழுந்ததும் வெளியே தகவல் அனுப்புவதற்குக் கோர்ட்சைடிங் என்றே பெயர். 2014 ஆஸ்திரேலிய ஓபனில் இதற்காக ஒருவரைக் கைதுசெய்து, பின்னர் வழக்கைக் கைவிட்டார்கள்.

அந்த வினாடிகளில் திரை என்ன சொல்ல வேண்டும்? சுழலும் வட்டம் மட்டும் வைத்தால் போன் தொங்கிவிட்டது என்று மறுபடி தட்டுவார்கள். "விலையைச் சரிபார்க்கிறோம், இன்னும் ஏற்கப்படவில்லை" என்று எழுதுங்கள், மீதி நேரத்தைக் காட்டும் ஒரு கோடும் போடுங்கள், பட்டனை முடக்குங்கள். அனுப்பும் ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு தனி எண் ஒட்டச் சொல்லுங்கள். இணையம் விட்டு வந்து இரண்டாவது முறை அனுப்பினாலும் இரண்டு பெட்டாக ஏறாது.

விலை மாறினால் என்ன ஆகிறது என்பதை ஓர் உதாரணத்தோடு வரையுங்கள். 10 பவுண்டு, விலை 5/2. வென்றால் கட்டிய பத்தும் சேர்த்துக் கைக்கு வருவது 35 பவுண்டு. காத்திருந்த நேரத்தில் விலை 9/4 ஆகிவிட்டது, இப்போது 32.50 தான். பழைய விலையை அடித்து, புதியதைப் பக்கத்தில் எழுதி, கைக்கு வரும் தொகையையும் இரண்டாகக் காட்டி, "புதிய விலையில் கட்டு", "வேண்டாம்" என்று ஒரே அளவில் இரண்டு பட்டன். "வேண்டாம்" என்பதை மெல்லிய சாம்பல் எழுத்தில் ஒளித்து வைக்கிற பழக்கம் பல ஆப்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள்.

"எந்த விலை மாற்றத்தையும் ஏற்றுக்கொள்" என்ற டிக் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கக் கூடாது, ஆள் தானே போட வேண்டும். தொகைப் பெட்டியும் காலியாகவே திறக்கட்டும். போன முறை 50 கட்டினார் என்பதற்காக இந்த முறையும் 50 நிரப்பி வைப்பது உதவி இல்லை.

ஒரே தட்டில் பெட் என்ற வசதியை நேரலைத் திரையில் நான் வைக்க மாட்டேன். 12 வினாடி பழைய படத்தைப் பார்த்துத் துள்ளி எழுகிற விரலுக்கு இன்னொரு தட்டு என்பது தொல்லை இல்லை, மூச்சு விடும் இடம்.

கேஷ் அவுட்டுக்கும் இதே விதிகள்தான்: அதே காத்திருப்பு, அதே விலை மாற்ற அறிவிப்பு. ஒன்று மட்டும் கூடுதல். அந்தத் தொகை துடித்துக்கொண்டே இருக்கும்படி அசைவு வைக்க வேண்டாம். எண் மாறினால் மாறட்டும், அது நாடி மாதிரி அடிக்க வேண்டியதில்லை.

## 8. வரம்பும் விலகலும் அடிக்குறிப்பில் இல்லை

இதைக் கடைசியில் ஒட்டவைக்கும் வேலையாக நினைத்தால் இடம் கிடைக்காது, அதனால்தான் லேஅவுட் முடியும் முன்பே செய்யச் சொல்கிறேன். நேரலையும் பெட்டும் சேர்ந்தால் மனிதர் தொண்ணூறு நிமிடம் அதே திரையில் இருக்கிறார், ஒவ்வொரு நிமிடமும் கட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. தனியாக பெட் மட்டும் கட்டும் ஆப்பைவிட இது கையை மீறிப் போக எளிதான இடம்.

பிரிட்டனின் விதிகள் சில தெளிவாகவே இருக்கின்றன. 18 வயது. 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் கட்ட முடியாது, எனவே பணம் போடும் திரையில் அதை வரையவே வேண்டாம். முதல் டெபாசிட்டுக்கு முன்பே ஒரு வரம்பு வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது 2025 அக்டோபர் 31 முதல். எடுக்கச் சொல்லி அனுப்பிய பணத்தை மறுபடி கணக்குக்கு இழுத்துக்கொள்ளும் பட்டன் 2021 முதல் கிடையாது. சூதாட்டத் தளங்களிலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் பதிவேடான கேம்ஸ்டாப்பில் பதிந்தவர், 6 மாதமோ 1 வருடமோ 5 வருடமோ, உரிமம் உள்ள எந்த ஆன்லைன் தளத்திலும் நுழைய முடியாது. அவருக்கு வரும் திரையில் "மீண்டும் வாருங்கள்" வாசனையே இருக்கக் கூடாது, உதவி எண்ணும் நேரான இரண்டு வாக்கியமும் போதும்.

விதியில் இல்லாத கேள்வி ஒன்று எங்களுக்கு வந்தது. ஆட்டத்தின் 70ஆவது நிமிடத்தில் ஒருவரின் டெபாசிட் வரம்பு முடிந்துவிட்டால் படத்தை நிறுத்துவதா? நிறுத்தினால் வரம்பு வைத்ததற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடும், அடுத்த முறை வரம்பை உயர்த்தித்தான் வைப்பார். படம் ஓடட்டும், விலைகள் போகட்டும் என்று முடிவு செய்தோம். உரிமை ஒப்பந்தம் இடம் கொடுத்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்த ஆட்டத்தில் இதுவரை போட்டது, வந்தது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்ற மூன்று எண்ணும் ஒரு தட்டில் தெரிய வேண்டும். பாதி நேர இடைவேளையில் அதைத் தானாகவே காட்டலாம், அப்போது மறைக்கப் படம் இல்லை. நிறையப் பேர் அந்த இடைவேளையில் சலுகை விளம்பரத்தைத்தான் வைக்கிறார்கள்.

தோற்ற பெட்டுக்கு "நூலிழையில் போச்சே!" என்று எழுதுவது, வென்றால் காகிதப் பூ தூவுவது, தோற்ற அடுத்த நொடி புதிய மார்க்கெட்டைத் தள்ளுவது. இவை மூன்றும் என் ஃபைலில் கிடையாது. கேட்டு வந்தால் எழுத்தில் மறுத்துவிடுவேன்.

## 9. ஓடுகிற ஆட்டத்தில் சோதியுங்கள்

ப்ரோட்டோடைப்பை நின்ற படத்தோடு சோதித்தால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பழைய ஆட்டம் ஒன்றின் பதிவையும் அதே ஆட்டத்தின் டேட்டா லாகையும் எடுத்து, நீங்கள் அளந்த இடைவெளியோடு ஓட்டச் சொல்லுங்கள். கோல் போட்டு விஏஆரில் ரத்தான ஓர் ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். ஸ்கோர் முன்னேறிப் பின்வாங்கும், மார்க்கெட் இரண்டு முறை பூட்டித் திறக்கும், டிசைனில் இருக்கும் ஓட்டை எல்லாம் அந்த மூன்று நிமிடத்தில் தெரியும்.

சோதனைக்கு வந்தவரிடம் "இப்போது ஸ்கோர் என்ன? உங்கள் பெட் ஏறிவிட்டதா?" என்று நடுநடுவே கேளுங்கள். பிடித்திருக்கிறதா என்ற கேள்வியைவிட இந்த இரண்டும் பயன்படும். காத்திருப்பு நிலையில் இருக்கும்போதே "ஏறிவிட்டது" என்று சொன்னால் உங்கள் வார்த்தைகள் தவறு, ஆள் தவறு இல்லை.

அப்புறம் போனை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போங்கள். இணையம் போகும், வரும். விலை பூட்டியதா, பெட் இரண்டாக ஏறியதா, திரும்பி வந்த படம் எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: சுழன்று திரும்பிய பிளேயர் விட்ட இடத்திலிருந்தே ஓடினால் 12 வினாடி தாமதம் 40 ஆகியிருக்கும், உங்கள் குறிப்பு இன்னும் 12 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த எண் நேரத்துக்கு நேரம் கணக்கிட்டு வர வேண்டும், எழுதி வைத்ததாக இருக்கக் கூடாது.

## 10. வெளியிடும் நாள்

முதல் நாளே பெரிய ஆட்டத்தில் விடாதீர்கள். கூட்டம் குறைந்த ஒரு வாரநாள் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். படத்தை மட்டும் நிறுத்தும் சுவிட்ச் ஒன்று, பெட்டை மட்டும் நிறுத்தும் சுவிட்ச் ஒன்று, இரண்டும் தனித்தனியாக வேண்டும், இரண்டுக்குமான திரையும் வரைந்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு முன்னாலேயே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். முதல் வாரம் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: "நான் தட்டும்போது கோல் விழவே இல்லை, படத்தில் பார்த்தேன், என் பெட்டை ஏன் எடுக்கவில்லை?" அதற்குப் பதில் சொல்ல அவர்கள் கையில் அந்த நிமிடத்தின் லாக் வேண்டும்: தட்டிய நேரம், அப்போது அவர் போனில் ஓடிய ஃபிரேமின் நேரம், டேட்டாவில் கோல் பதிவான நேரம். டெவலப்பரிடம் இந்த மூன்றையும் சேர்த்துப் பதியச் சொல்ல வெளியிடும் நாளுக்கு முந்தைய வாரமே கடைசி வாய்ப்பு, ஆட்டம் முடிந்த பிறகு இவற்றை எங்கிருந்தும் தோண்டி எடுக்க முடியாது.